டிக்கிக்குள் படுத்துப் பார்த்த அண்ணனுக்கு

அண்ணா,

உங்கள் டெஸ்ட் லைட் இப்போது எங்கள் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கருமாதி அன்று உங்கள் வீட்டுக்காரம்மா அதை ஒரு பழைய பையில் சுற்றி என் கையில் கொடுத்தார். "இத்த யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியலமா. அவரு வேலைய உக்காந்து பாத்தவங்க நீங்கதான். நீங்களே எடுத்துக்கினு போங்க" என்றார். ஒரு ஹோல்டர், ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், கரண்ட் ஓடுகிறதா என்று குத்திப் பார்க்க நுனியில் ஒரு ஊசி. அவ்வளவுதான். இன்று காலை பருப்பு டப்பாவை எடுக்கும்போது கையில் பட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். கிரீஸும், நீங்கள் எந்நேரமும் கடைவாயில் அடக்கி வைத்திருக்கும் கிராம்பும் சேர்ந்த வாசனை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருபத்தாறு வருஷம் பால் சொசைட்டியில் பால் சோதித்தவள் நான். என் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. நீங்கள் இருந்த வரைக்கும் நமக்குள் போன்தான். அதுவும் அரை நிமிஷம். "வண்டி எடுக்குதாமா? எடுக்குது அண்ணா. சரி வெச்சிடறேன்." பேச்சில் உங்களைப் போன்ற கஞ்சனை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் கருமாதிக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சொல்ல வேண்டுமென்றால் முதலில் இருந்து வர வேண்டும். எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான், பாதி. மீதிப் பாதி எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

எங்கள் வாத்தியாருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ரிட்டயர் ஆன வருஷம் ஒரு கிறுக்குப் பிடித்தது. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்த மனிதர், புதுச்சேரி போய் ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இரண்டே சீட்டு. மேலே மடக்குகிற துணிக் கூரை. தரையோடு தரையாகக் குந்திக்கொண்டிருக்கும். அதைச் செய்த கம்பெனியை மூடி வருஷக்கணக்காகிறது என்பதெல்லாம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கள்ளக்குறிச்சியில் அது போகும்போது டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். "வாத்தியாருக்கு வயசு கொறஞ்சிக்கினே போவுது, அடுத்த வருஷம் பத்தாவது பரீட்ச எழுதுவாரு" என்று கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்து சீட்டில் வா என்று என்னை எத்தனையோ தரம் கூப்பிட்டார். நான் ஒரு நாளும் ஏறவில்லை. அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் லாரிச் சக்கரம்தான் கண்ணுக்கு நேரே தெரியும்.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். முதல் வேலை அவருக்கு வெள்ளிமலையில், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில். அந்தக் காலத்தில் ஜீப்புக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் ஏறிப் போனாராம். "ஒரு நாளைக்கு இதே ரோட்டுல நானே ஓட்டிக்கினு வருவேன்னு அன்னிக்கே முடிவு பண்ணேன்" என்பார். சரி, போய்த் தொலையுங்களேன் என்றால், இன்றைக்கு மழை, நாளைக்கு ரோடு வேலை என்று தள்ளிக்கொண்டே போனார். இதற்குள் ஒரு தை மாதத்தில் கண் கோளாறு தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பழுதாகிறது, பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், போனது திரும்பி வராது என்றார் டாக்டர். சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்த தையில் சோதித்துப் பார்த்து, இன்னும் குறைந்திருந்தால் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். வாத்தியார் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "அடுத்த பொங்கலுக்குள்ள வெள்ளிமலை போயிடணும்."

நல்ல வேளை பார்த்து, ஆவணியில் வண்டி சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. ஒரு நாள் நிறுத்தினால் முக்கி முனகி எடுக்கும். இரண்டு நாள் நிறுத்தினால் சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும். ஊர்க்காரர்கள் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோனார்கள். மலை மேல் கொண்டுபோய் நிறுத்தி அங்கே நின்றுவிட்டால் யார் தள்ளுவது?

நாங்கள் ஏறி இறங்காத இடமில்லை. உள்ளூரில் ஒருவர் பேட்டரிதான் போச்சு என்று புதுசு மாட்டினார். மூன்றாம் நாள் அதுவும் படுத்துக்கொண்டது. சேலத்தில் ஒருவர் டைனமோவில் கோளாறு என்று அதை மாற்றினார். அதற்கும் அடங்கவில்லை. சென்னையில் ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வாத்தியார் அவருக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புங்கள், மொத்த வயரிங்கையும் உருவிப் புதிதாகப் போட வேண்டும், நான்கு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. அப்போது கார்த்திகை பாதி போயிருந்தது. தைக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரிடம் நான்கு மாதம் என்றால்? போனை வைத்துவிட்டு, "வித்துடலாம்" என்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பால் வேன் ஓட்டுகிறவர்தான் உங்களைப் பற்றிச் சொன்னார். "சங்கராபுரத்துல ஒர்த்தர் கீறாருக்கா. மலைக்குப் போற ஜீப்புக்கெல்லாம் அவருதான் கரண்டு வேல. இன்னா நோவுன்னு தெரியாம கை வெக்க மாட்டாரு." வாத்தியார் முகத்தைச் சுளித்தார். "கரும்பு டிராக்டரும் ஜீப்பும் பாக்கற ஆளா? இது ஸ்போர்ட்ஸ் காருடி." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னா வானத்துலேர்ந்தா கரண்டு வருது? அதே பேட்டரிதானே?" என்று கேட்டுவிட்டு உங்களுக்கு நானே போன் போட்டேன்.

நீங்கள் வந்த முதல் நாளை நான் மறக்கவே மாட்டேன். ஒரு டிவிஎஸ் வண்டியில், முன்னால் ஒரு உரச் சாக்குப் பையில் சாமான்களோடு வந்து இறங்கினீர்கள். ஒல்லி உடம்பு. வெள்ளைச் சட்டை, அதுவும் இஸ்திரி போட்டது. கிரீஸ் வேலைக்கு வெள்ளைச் சட்டையில் வந்த முதல் ஆள் நீங்கள்தான். வாத்தியார் வண்டியின் புகழை ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டீர்கள். பேனட்டைத் திறப்பீர்கள் என்று பார்த்தால், "சார், அது எந்தெந்த நாளு எடுக்கல, எந்தெந்த நாளு எடுத்துச்சின்னு யாராச்சும் எழுதி வெச்சிக்கிறீங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றார். "ஒரு வாரம் எழுதுங்க. நான் அப்பறமா வரேன்" என்று கிளம்பிவிட்டீர்கள்! வண்டியைத் தொடக்கூட இல்லை. வாத்தியார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எனக்கோ சந்தோஷம். இத்தனை பேர் வந்தார்கள், எல்லோரும் வந்ததும் ஸ்பேனரைத்தான் எடுத்தார்கள். ஒருவராவது கேள்வி கேட்டாரா? சொசைட்டியில் நானும் அப்படித்தான். பால் தண்ணியாக இருக்கிறது என்று புகார் வந்தால் ஒரு வாரம் எழுதிப் பார்க்காமல் யார் மேலும் பழி போட மாட்டேன். அன்றைக்கே உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து வந்தீர்கள். நான் நாள்வாரியாக எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சார விட அழகா எழுதறீங்க" என்றீர்கள். வாத்தியாருக்கு முகம் சுண்டிப்போச்சு. என்னிடம் ஒரு இட்லித் தட்டு கேட்டீர்கள். எதற்கு என்று பார்த்தால், கழற்றுகிற திருகாணிகளை ஒவ்வொரு குழியிலும் வரிசையாகப் போட்டு வைக்க! இன்றைக்கும் அந்தத் தட்டில் இட்லி ஊற்றினால் லேசாகக் கிரீஸ் வாசம் வருவதுபோல் எனக்கு ஒரு பிரமை.

அந்த வண்டிக்குப் பேட்டரி பின்னால் டிக்கியில்தான். டிக்கியைத் திறந்து, பேட்டரியில் ஒரு வயரைக் கழற்றி, இடையில் மீட்டரைச் சேர்த்தீர்கள். டிக்கிக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரிந்தது. திறந்தால் எரியும், மூடினால் அணையும், அதற்கு ஓரத்தில் ஒரு பொத்தான். அதை விரலால் அமுக்கினீர்கள். விளக்கு அணைந்தது, மீட்டர் முள்ளும் சுழிக்கு வந்தது. "இதத்தான் சேலத்துலயும் பாத்தாங்க, நல்லாத்தான் இருக்குது" என்றார் வாத்தியார். நீங்கள் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கி ஒவ்வொன்றுக்கும் மீட்டரைப் பார்த்தீர்கள். எதிலும் ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் போயிற்று. எனக்கே நம்பிக்கை விட்டுப்போச்சு. நீங்கள் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னீர்கள்: "தொறந்து வெச்சா நல்லாக்கீது சார். மூடி வெச்சாத்தான் நோவு. நாம எல்லாரும் தொறந்து வெச்சிதான் பாத்துக்கினு கீறோம்."

நீள வயர் இரண்டை மீட்டரில் மாட்டி வெளியே இழுத்து, டிக்கியை மூடினீர்கள். முள் ஏறி நின்றது! நாம் மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்தோம். மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ராத்திரி பகலாக, யாருக்கும் தெரியாமல்.

"பல்பப் புடுங்கிப் போட்டுடலாம், வேலை முடிஞ்சிது" என்று வாத்தியார் குதித்தார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நீங்கள் தலையாட்டவில்லை. "பல்பு எரியறது நோவு இல்ல சார். மூடி ஏன் பொத்தான அமுக்கல? அப்போ மூடி முழுசாக் குந்தல. மலையில திருப்பத்துல எகிறித் தொறந்துச்சின்னா?" என்றீர்கள். பிறகு அந்த வெள்ளைச் சட்டையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு டிக்கிக்குள் ஏறினீர்கள். அறுபது வயது ஆள்! பேட்டரியை ஒட்டி, முழங்காலைத் தாடைக்கு மடக்கிப் படுத்துக்கொண்டு, "மூடுங்கமா" என்றீர்கள். "ஐயோ, மூச்சு முட்டிடப் போவுது" என்றேன். "ஜீப்புக்கு அடியில படுக்கறவனுக்கு இது மெத்த. மூடுங்க." மூடினேன். உள்ளிருந்து உங்கள் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. "எரியுது... எரியுது... ஆ..." பிறகு பேச்சே இல்லை. வாத்தியார் மூடியைப் படபடவென்று தட்டினார். "இருங்க சார், சாவல" என்று பதில் வந்தது.

பின்னால் இதைக் கேட்ட பால் வேன்காரர், போனில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்திருந்தால் போதுமே என்று சிரித்தார். சிரிக்கட்டும். போன் அந்த விளக்கைப் பார்த்திருக்கும். நீங்கள் பார்த்த இன்னொன்றைப் போன் அப்படியே எல்லோருக்கும் காட்டியிருக்கும்.

திறந்தபோது உங்கள் வலது கை மூடியிருந்தது. வாத்தியாரிடம், "ரப்பர் தேஞ்சி போச்சி சார். ஒரு நெல்லு மணி அளவு மூடி தூக்கிக்கினு நிக்குது. சைக்கிள் டியூபு பழசு இருந்தா கொஞ்சம் எடுத்தாங்க" என்றீர்கள். அவர் தோட்டத்துப் பக்கம் போனதும் என்னைப் பார்த்துக் கையை விரித்தீர்கள். கறுப்புக் கயிறுகள். படிகாரத் துண்டு கட்டியவை. மூடியின் கொக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்த பதினொரு கயிற்றையும் உள்ளே படுத்தபடியே அறுத்து எடுத்திருந்தீர்கள்.

அது என் வேலை அண்ணா. எங்கள் வாத்தியார் பகுத்தறிவுக்காரர். வண்டி வந்த அன்றைக்கே நான் கட்டிய எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி, "பெட்ரோல்லதான் ஓடும், இதுல ஓடாது" என்று ரசத்தில் பிழிந்துவிட்டார். கண் கோளாறு தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தத் தை அமாவாசையில் ஆரம்பித்து ஒவ்வொரு அமாவாசைக்கும் திருஷ்டிக் கயிறு வாங்கி, அவர் மத்தியானம் கண்ணயரும்போது டிக்கிக் கொக்கியில் கட்டி, மூடியின் உள்பக்கத் துணிக்குள் சொருகிவிடுவேன். பழைய கயிற்றைக் குப்பையில் போடக் கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும் என்று கயிறு விற்பவர் சொன்னார். நம் கோமுகி ஆற்றில் தண்ணீர் எப்போது ஓடியது? ஓடும்போது விடலாம் என்று பழசின் மேலேயே புதுசைக் கட்டிக்கொண்டே வந்தேன். இத்தனை மெக்கானிக்குகளும் அந்த டிக்கியைத் திறந்தார்கள்தான். ஆனால் நம் பக்கத்து மெக்கானிக்குக்கு வண்டியில் கறுப்புக் கயிறு இருப்பது சக்கரம் இருப்பது மாதிரி. யாரும் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை. அடுத்தவர் கட்டிய திருஷ்டிக் கயிற்றைத் தொடவும் மாட்டார்கள். அவருடைய வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று நானே அதைச் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

"சாருக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். "தெரிஞ்சா வூட்டையே ரெண்டாக்கிடுவாரு" என்றேன். அழுகை வந்துவிட்டது. வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள், இல்லையென்றால் புத்தி சொல்லியிருப்பார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்தக் கயிறுகளை ஒன்றோடு ஒன்று சிக்காமல் நீவி, என் கையில் வைத்து மூடினீர்கள். "பயந்தானேமா. தப்பு இல்ல. கோமுகியில தண்ணி இல்லன்னா இன்னா, மல மேல ஓடையில எப்பவும் ஓடிக்கினுதான் கீது. போறப்ப எடுத்துக்கினு போயி வுட்டுடுங்க." நான் எங்கே போகப் போகிறேன், அந்த வண்டியில் ஏறியதே இல்லை என்றேன். சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டீர்கள்.

வாத்தியார் டியூபோடு வந்தார். தேயாத ரப்பரின் மேல் அதை வெட்டி ஒட்டிவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பேட்டரிக் கம்பியை முடுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "இன்னொன்னு சார். இந்த மாதிரி வண்டிக்கு மலையில ஒரு பக்கம் காலியா போனா பேலன்சு வராது. இடது சீட்டுல ஒரு ஆளு வெயிட்டு கண்டிப்பா வேணும். அம்மா உக்காரட்டும்." வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்தேன். கறார் பேர்வழி, பொய் பேசத் தெரியாத மனிதர், வண்டிக்கு வேண்டும் என்கிறார். ரப்பர் பொய்யை என் காதுபடச் சொன்னவர் என்பது எனக்கு எப்படியோ அந்த நிமிஷத்தில் மறந்துபோச்சு. தலையாட்டிவிட்டேன்.

வண்டி மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் காலை சாவியைத் திருப்பியதும் எடுத்தது. வாத்தியார் உங்களுக்குப் போன் போட்டார். காரைச் சும்மா உறுமவிட்டுப் போனை அதன் பக்கத்தில் நீட்டினார்.

மார்கழி கடைசி வாரத்தில் ஒரு காலை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ரோட்டில் ஏறினோம். என் மடியில் கைப்பை, அதற்குள் பதினொரு கயிறு. முதல் திருப்பத்திலேயே நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். "சும்மா வராத. இடது பக்கம் இன்னா இன்னா கீதுன்னு சொல்லிக்கினே வா. எனக்கு வேடிக்கை பாக்க நேரமில்ல" என்றார். சொன்னேன். இங்கே பாறை. இங்கே கட்டைச் சுவர் இடிந்திருக்கிறது, தள்ளி வாங்க. இரண்டு மாடு. ஒரு பொம்பளை விறகோடு. பலா மரம். பள்ளம். சாமைக் கொல்லை, அறுத்தாச்சு. பயம் போய், பேச்சு ருசி வந்துவிட்டது. பின்னாலேயே ஒரு ஜீப் வந்துகொண்டிருந்தது. முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. வெள்ளிமலையில் நிறுத்தியபோது அதிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள்! "இங்க ஒரு ஜீப்பு வேல கீது" என்றீர்கள். வாத்தியார் பள்ளிக்கூடத்து வாசலில் காரைச் சாய்ந்துகொண்டு ஒரு கால் மணி நேரம் நின்றார். அந்த முகத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. நான் பக்கத்து ஓடைக்குப் போய்க் கயிறுகளை ஒவ்வொன்றாக விட்டேன். இறங்கும்போது, "எறக்கத்துல பேட்டரி ஒயரு சூடாவுதான்னு நான் ஓட்டிப் பாக்கணும் சார்" என்று நீங்கள் சாவியை வாங்கிக்கொண்டீர்கள். நாங்கள் அந்த ஜீப்காரரோடு வந்தோம். அதுதான் அவர் கடைசியாக ஓட்டியது. தை மாதம் டாக்டர் நிறுத்தச் சொன்னார். சண்டை போடாமல் நிறுத்திவிட்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்கப்புறம் நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும், லைசென்ஸ் வாங்கிய அன்று நீங்கள் கிராம்புப் பொட்டலத்தை நீட்டி "எடுத்துக்கங்க டிரைவர்" என்றதும் உங்களுக்கே தெரியும். மூன்று வருஷம். போன மாதம் ஒரு காலையில், டிராக்டர் ஒன்றுக்கு வயர் சேர்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று செய்தி வந்தது.

கருமாதிக்கு மஞ்சள் காரில்தான் வந்தோம். நான் ஓட்டினேன். பந்தலுக்கு வெளியே மலை ஜீப்புகள் வரிசையாக நின்றன. வாத்தியார் அங்கிருந்தவர்களிடமெல்லாம், "ஒரு ரப்பர் துண்டக் கண்டுபுடிக்க டிக்கிக்குள்ள படுத்த மனுஷன்யா!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தரம் ரப்பர் என்று அவர் சொல்லும்போதும் எனக்குச் சுருக் சுருக்கென்று குத்தியது. சங்கராபுரம் எல்லை தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அமாவாசை, படிகாரம், பதினொரு கயிறு, உங்கள் மூடிய கை.

வெடிப்பார் என்று பார்த்தேன். ரோட்டைப் பார்த்தபடியே, "அந்த ஆளு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்கிட்டயும் சொல்லல" என்றார்.

"என்னாத்த?"

"அவரு ரெண்டாந்தரம் வந்த அன்னிக்கி, நீ இட்லித் தட்டு எடுக்க உள்ள போன. அப்போ சொன்னேன். எனக்கு இடது பக்கம் பாதி தெரியல. முந்தின வாரம் ஒரு சைக்கிள்காரன இடிக்கப் பாத்தேன். டாக்டர்கிட்டயும் சொல்லல, உன்கிட்டயும் சொல்லல. ஒரே ஒரு தரம் மலைக்குப் போயிட்டா சாவியக் குடுத்துடறேன்னு அவருகிட்ட சொன்னேன். போவாதீங்க சார்ன்னாரு. நான் கேக்கல. அப்போ இடது பக்கத்துக்கு ஒரு ஆளு வேணும், பின்னாடி நான் வரேன், எறக்கத்துல நான்தான் ஓட்டுவேன், இதுக்கெல்லாம் ஒத்துக்கினாதான் வண்டியத் தொடுவேன்னாரு. அன்னிக்கி வெள்ளிமலையில அவருக்கு ஒரு வேலையும் இல்ல."

அண்ணா, எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். உங்கள் மேலும்தான். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நான் வேடிக்கை சொல்லிக்கொண்டு வந்ததாக நினைத்தேன். அவர் என் வாயால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஸ்டியரிங்கைக் குத்தினேன். ஹாரன் அடித்து வயலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர், "நீ கட்டனத மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். "நீங்க தெரியலன்னு சொல்லியிருந்தா கயிறு கட்டாம சாவியப் புடுங்கி வெச்சிருப்பேன்" என்றேன். முப்பத்து நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருக்கு இருந்த பயத்தையும் எனக்கு இருந்த பயத்தையும், ஒரே நாளில், இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில், வண்டி பார்க்க வந்த ஒரு மனிதரிடம் போய்க் கொட்டியிருக்கிறோம். நீங்கள் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, இவரிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல், என்னிடம் இவரைக் காட்டிக்கொடுக்காமல், இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டீர்கள். எந்த ஊர் ஸ்பெஷலிஸ்ட் அண்ணா இதைச் செய்வார்? உங்களைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் போனேனே என்றுதான் ஆறவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வரை நான் ரோட்டின் இரண்டு பக்கமும் இருப்பதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் கேட்டுக்கொண்டே வந்தார். இனிமேல் எதுவாக இருந்தாலும் மூன்றாம் மனிதரிடம் போவதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுவது என்று பேசிக்கொண்டோம். பேசிக்கொள்வது சுலபம். செய்வோமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நேற்றுக் காலை காபி குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரை வைத்துவிட்டு, வலது பக்கமும் மங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். என்னிடம்தான் முதலில் சொன்னார்.